அரைமணி மெக்கானிக்கும் அடைபட்ட காத்தும்

அவருக்கு முறையாக ஒரு பெயர் உண்டு. அது லைசென்ஸில் இருக்கிறது, கல்யாணப் பத்திரிகையில் இருந்தது, மற்றபடி அந்தப் பெயருக்கு வேலையே இல்லை. ஊர் வாயில் அவர் அரைமணி. எந்த வண்டியை யார் கொண்டுபோய் நிறுத்தினாலும், என்ன கோளாறு என்று காதில் விழுவதற்கு முன்னாலேயே "விடுங்க, அரைமணி நேரம், முடிச்சிடலாம்" என்பார். பிரேக் பிடிக்கவில்லையா, அரைமணி. கியர் விழவில்லையா, அரைமணி. ஒரு தடவை மரத்தில் மோதி மூஞ்சியே இல்லாமல் வந்த வேனைப் பார்த்தும் அதையேதான் சொன்னார். பதினோரு நாள் ஆனது. வேன்காரர் பதினோரு நாளும் காலையில் வந்து, "அரைமணி ஆச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

ஆனால் பொய் சொல்லக் கூடாது. ஒரே ஒரு வேலையில் மனுஷன் சொன்ன சொல் தவறினதில்லை. கொதிக்கிற வண்டி. ரேடியேட்டரில் தண்ணி மாற்றுவது, கூலன்ட் மாற்றுவது, அந்த மாதிரி வேலை. அதில் ஒரு தொல்லை இருக்கிறது. பழைய தண்ணியை இறக்கிவிட்டுப் புதுசு ஊற்றும்போது குழாய்க்குள் காத்து மாட்டிக்கொள்ளும். ஒரு சொம்பளவு காத்துதான், ஆனால் அது எங்கேயாவது உயரமான மூலையில் போய் உட்கார்ந்துகொண்டு தண்ணியை ஓட விடாது. ரேடியேட்டர் நிறையத் தண்ணி இருக்கும், என்ஜின் தாகத்தில் வெந்துகொண்டிருக்கும். அந்தக் காத்தை வெளியே எடுக்க மற்ற மெக்கானிக்குகள் என்ஜினை ஓடவிட்டு, மூடியைத் திறந்து வைத்து, குமிழி வருகிறதா வருகிறதா என்று ரெண்டு மணி நேரம் வண்டி முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அரைமணி நிற்கவே மாட்டார். ஊற்றுவார், ஸ்டார்ட் பண்ணுவார், மேல் ரப்பர் ஹோஸை நாலு தடவை அமுக்குவார், மூடியை மூடுவார், அடுத்த வண்டி. இருபது வருஷத்தில் ஒரு வண்டிகூடத் திரும்பி வந்ததில்லை.

எப்படி என்று கேட்டால் வலது கையை நீட்டிக் காட்டுவார். "கைராசி. அமுக்குற அமுக்குல இருக்கு எல்லாம்." கேட்டவர்களும் அந்தக் கையைப் பார்ப்பார்கள். கருப்பு கிரீஸும் ரெண்டு தழும்பும் தவிர அதில் வேறு ஒன்றும் தெரியாது. ஆனாலும் நம்பினார்கள், அவர் அவ்வளவு அடித்துச் சொன்னார்.

அந்த இருபது வருஷமும் அவர் இருந்தது மெயின் ரோட்டு ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. வெயிலில் உள்ளே நிற்க முடியாது, காற்றடித்தால் கூரை தாளம் போடும். மழை பெய்தால் தண்ணி உள்ளே தேங்காமல் ரோட்டுக்கு ஓடிவிடும், அது ஒன்றைத் தவிர அந்தக் கொட்டகைக்கு நல்ல குணமே கிடையாது. அதையும் ஒரு நாள் இடிக்கப் போகிறோம், கடைகள் கட்டப் போகிறோம் என்று இடத்துக்காரர் சொல்லிவிட்டார். அரைமணி நாலு மாசம் முன்னால் உள்தெருவுக்கு மாறினார். அங்கே ஒரு பழைய லாண்டரி காலியாகக் கிடந்தது. துணி துவைக்கிற பெரிய மெஷின்கள் இருந்த கூடம். சிமென்ட் தரை, ஓட்டுக்கூரை, பின்சுவரில் பெரிய ஜன்னல், ஜன்னலுக்குக் கீழே நீளமாக ஒரு சாக்கடை, மூடி மாதிரி அதன் மேல் கம்பி. வெளிச்சம் பின்னால் இருந்ததால் வேலை மேஜையையும் அங்கேயே போட்டார். வண்டிகள் மூக்கைப் பின்சுவருக்குக் கொடுத்து நின்றன.

புது இடம் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அதற்கு அவர் சொன்ன காரணம் வேடிக்கையானது. "கீழ விழுந்த நட்டைத் தேடி முழங்கால் தேஞ்ச காலம் போச்சு. இங்க எங்க விழுந்தாலும் தானா உருண்டு போயி அந்த ஜன்னலடிக் கம்பி மேல உக்காந்துக்குது. இடம் அவ்வளவு ராசி." வந்தவர் போனவரிடம் எல்லாம் இதைச் சொல்லி, நம்பாதவர்களுக்கு ஒரு நட்டைக் கீழே போட்டும் காட்டினார். நட்டு உருளும். அவர் சிரிப்பார். மெக்கானிக் வேலையில் முப்பது வருஷம் பழம் தின்று கொட்டை போட்ட மனுஷன், ஒரு நட்டு ஏன் உருளுகிறது என்று ஒரு தரம்கூட யோசிக்கவில்லை. இந்த ஆளை என்ன சொல்வது.

பிறகு வண்டிகள் திரும்பி வர ஆரம்பித்தன.

முதலில் ரொட்டிக்கடைக்காரரின் வேன். கூலன்ட் மாற்றி மூணாம் நாள் பாலத்து மேல் புகை விட்டுக்கொண்டு நின்றது. அரைமணி பார்த்தார், "கூலன்ட் டூப்ளிகேட்" என்றார். மறுபடி மாற்றினார். மறுபடி நின்றது. "நீங்க ஏத்துற லோடு ஜாஸ்தி, ஓட்டத் தெரியாம ஓட்டுறீங்க" என்றார். அப்புறம் ஒரு பல் டாக்டரின் கார், அப்புறம் ஒரு டீச்சர், அப்புறம் ஒரு தச்சர். ஒருவருக்குத் தெர்மோஸ்டாட் போலி, ஒருவருக்கு ரேடியேட்டர் மூடி போலி, ஒருவருக்குக் காலமே சரியில்லை. நாலு மாசத்தில் ஏழு பேர். ஏழு பேரும் குற்றவாளிகள், அவர் ஒருத்தர்தான் உத்தமர்.

எட்டாவது ஆள் அவர் சம்சாரம்.

அந்தம்மா டாக்ஸி ஓட்டுகிறார். பதினாறு வருஷமாக ஓட்டுகிறார். ஸ்டாண்டில் இருக்கிற ஆண்களில் பாதிப் பேருக்கு ரிவர்ஸ் எடுக்கத் தெரியாத சந்தில் கண்ணாடியை மட்டும் பார்த்து வண்டியை உள்ளே விடுவார். டாக்ஸிக்காரம்மா என்றால் தெருவில் எல்லோருக்கும் தெரியும், அரைமணியைவிட நன்றாகவே தெரியும். இந்த வருஷம் அவருக்கு ஒரு நல்ல வேலை கிடைத்தது. மலை மேலே இருக்கிற ஆஸ்பத்திரி, சிறுநீரகம் பழுதானவர்களை வாரத்தில் மூணு நாள் ரத்தம் சுத்தம் பண்ண அழைத்துப்போக வண்டி தேடிக்கொண்டிருந்தது. ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியரை டாக்ஸிக்காரம்மாவிடம் ஒப்படைத்து, ஒரு மாசம் ஒழுங்காக ஓட்டினால் இன்னும் நாலு பேரைத் தருகிறோம், நிரந்தரமாக்கிவிடுகிறோம் என்றார்கள். திங்கள், புதன், வெள்ளி. காலை எட்டு மணிக்கு டயாலிசிஸ் நாற்காலி. கால்மணி தாமதமானால் நாற்காலி அடுத்தவருக்கு, வாத்தியார் உடம்பில் விஷத்தோடு வீட்டுக்குத் திரும்ப வேண்டும். ஸ்டாண்டில் வெயிலில் காத்துக் கிடந்து சவாரிக்குச் சண்டை போட்ட காலம் முடிந்தது என்று அந்தம்மா சந்தோஷப்பட்டார். வீட்டில் பாட்டெல்லாம் பாடினார்.

அந்தச் சந்தோஷத்தில் வண்டிக்கு ஒரு சர்வீஸ் செய்யச் சொல்லிப் புருஷனிடம் கொடுத்ததுதான் அவர் செய்த ஒரே தப்பு.

மறுநாளே மலையில் கொதித்தது. மூணாவது வளைவில் டெம்பரேச்சர் முள் சடாரென்று சிவப்புக்கு ஏறியது. ஓரத்தில் நிறுத்தி, ஆறவிட்டு, துணியைச் சுற்றி மூடியைத் திறந்து, மேட்டு ரோட்டிலேயே கேனில் இருந்த தண்ணியை மெதுவாக ஊற்றினார். குபுக் குபுக்கென்று ஏதோ வந்தது. மறுபடி ஊற்றினார். அப்புறம் வண்டி ஒன்றுமே நடக்காத மாதிரி ஏறியது. எட்டு அடித்துப் பன்னிரண்டு நிமிஷத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வாத்தியார் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "மூணு நிமிஷத்துல பாஸ்" என்றார்.

அந்த வாரம் முழுக்க வண்டி நல்லா ஓடியது. ஆனாலும் சொல்லிவைப்போம் என்று புருஷனிடம் சொன்னார். அரைமணி வண்டியை வாங்கித் தெர்மோஸ்டாட்டை மாற்றி, புதுக் கூலன்ட் ஊற்றி, நாலு அமுக்கு அமுக்கிக் கொடுத்தார். அடுத்த சவாரியில் கொதித்தது. இந்தத் தடவை வாத்தியார் பாஸ் ஆகவில்லை. நாற்காலி போய்விட்டது. மறுநாள் வேறு நாற்காலி கிடைக்கும்வரை முகம் வீங்கி, மூச்சு வாங்கிக் கிடந்தார். ஆஸ்பத்திரியில் வண்டிகளைக் கவனிக்கிற பெண் கோபப்படாமல் சொன்னார், "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற வண்டி பாத்துக்குவோம்மா, தப்பா நினைக்காதீங்க." கோபமாகச் சொல்லியிருந்தால்கூட டாக்ஸிக்காரம்மாவுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

சனிக்கிழமை சாயங்காலம் சமையலறையில் சண்டை நடந்தது. அந்தம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார், இவர் கையில் இருந்த கிரீஸைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு கவனிச்சீங்களா?" என்றார் டாக்ஸிக்காரம்மா. "மேட்டுல நின்னு நான் தண்ணி ஊத்தினா வாரம் பூரா ஓடுது. உங்க ஷெட்டுல நீங்க ஊத்தினா மறுநாளே கொதிக்குது."

"அப்ப நான் தொட்டாத்தான் கெடுதுங்கிறியா?"

"நான் ஒண்ணும் சொல்லலை. நடந்ததைச் சொன்னேன்."

"நடந்ததை நான் சொல்லட்டுமா? மலையில ரெண்டாம் கியர் போட வேண்டிய இடத்துல மூணாம் கியர்ல இழுக்கிறே. என்ஜின் கொதிக்காம என்ன செய்யும்? ஓட்டத் தெரியணும்."

கத்தி பலகை மேல் நின்றது. பதினாறு வருஷம் அந்தக் கியரைப் போட்ட கை அது. இந்த வார்த்தையை ஸ்டாண்டில் வேறு எவனாவது சொல்லியிருந்தால் டாக்ஸிக்காரம்மா அவனை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பார். சொன்னது புருஷன். நறுக்கி முடித்தார், கை கழுவினார், போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டார்.

தம்பி என்றால் அரைமணிக்கு மச்சினன். பாலத்துக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். வண்டியில் ஒயரைச் சொருகினால் கம்ப்யூட்டரே கோளாறைச் சொல்லும். கஸ்டமர் உட்கார ஏசி, குடிக்கக் காபி மெஷின். அரைமணி அந்தப் பக்கம் போக நேர்ந்தால் தலையைத் திருப்பிக்கொண்டு போவார். மச்சினன் நல்லவன், அதுதான் இன்னும் எரிச்சல். பார்க்கும்போதெல்லாம் "மாமா, எதாவது உதவி வேணும்னா சொல்லுங்க" என்பான்.

"தம்பி நாளைக்கு எனக்காகக் கடையைத் திறக்கிறான்" என்றார் டாக்ஸிக்காரம்மா, போனை வைத்துவிட்டு. "நாலு மணிக்கு வண்டியைக் கொண்டுபோறேன். திங்கக்கிழமை இது கொதிச்சா என் வேலை போயிடும். அந்த மனுஷனுக்கு உடம்பு போயிடும். உங்க கைராசியை வச்சு நான் சூது ஆட முடியாது."

"நாலு மணிக்குள்ள நானே முடிச்சுத் தரேன்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"அரைமணி" என்றார் அவர். பழக்கதோஷம், என்ன செய்வது.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கெல்லாம் லாண்டரிக் கூடத்தில் வண்டி மூக்கைச் சுவருக்குக் கொடுத்து நின்றது. அரைமணி தண்ணிப் பம்பைக் கழற்றிப் பார்த்தார். புத்தம் புதுசு மாதிரி இருந்தது. ரேடியேட்டரைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். அடைப்பே இல்லை. திரும்ப மாட்டி, ஊற்றி, ஸ்டார்ட் செய்து, கையை ஒரு தரம் வேட்டியில் துடைத்துக்கொண்டு ஹோஸை அமுக்கினார். நாலு அமுக்கு. ஐந்தாவதும் அமுக்கினார். ஆறாவதும். மூடியை மூடப் போனவர், மூடவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் கையையே ஒரு மாதிரி பார்த்தார். பயமாக இருந்தது. மச்சினன் ஒயரைச் சொருகுவான், கம்ப்யூட்டர் ஏதோ ஒரு எழுத்தைக் காட்டும், சம்சாரம் அதைப் பார்ப்பார், அதற்குப் பிறகு வீட்டில் தன் பேச்சுக்கு என்ன மதிப்பு என்று நினைத்தார்.

என்ஜினை நிறுத்திவிட்டு வாசல் பக்கம் வந்தார், ஒரு டீ குடிக்கலாம் என்று. சட்டைப் பையில் இருந்த மிச்ச நட்டு ஒன்று கீழே விழுந்தது. வழக்கம்போல உருண்டது. வண்டியின் பின் சக்கரத்தைத் தாண்டி, அடியில் போய், முன் சக்கரத்தைத் தாண்டி, ஜன்னலடிக் கம்பி மேல் டிங்கென்று உட்கார்ந்தது. அரைமணி போய் எடுத்தார். எடுத்துக் குனிந்தபடியே நின்றார்.

மேட்டுல நின்னு நான் ஊத்தினா ஓடுது.

வாசலுக்குத் திரும்பி வந்தார். நட்டைக் கையால் தரையில் வைத்து விட்டார். உருண்டது. எடுத்து வந்து மறுபடி விட்டார். உருண்டது. மூணாவது தடவை நட்டோடு கூடவே நடந்து போனார், அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கிறவர் மாதிரி. பிறகு ஒரு சொம்புத் தண்ணியை வாசலில் கவிழ்த்தார். தண்ணி ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் நேராக ஜன்னலுக்குப் போனது. லாண்டரிக்காரன் துவைத்த தண்ணி வடிய வேண்டும் என்று தரையைப் பின்சுவருக்கு வாட்டம் கொடுத்துக் கட்டியிருக்கிறான். நாலு மாசமாக அவர் கைக்கு வந்த ஒவ்வொரு வண்டியும் தலை கீழே, வால் மேலே என்று நின்றிருக்கிறது. தண்ணி ஊற்றுகிற வாய் பள்ளத்தில். காத்து மேட்டில், பின்னால், ஹீட்டர் குழாய்க்குள் போய்ச் சொகுசாகப் படுத்திருக்கிறது. ஹோஸை நாலு அமுக்கு இல்லை, நானூறு அமுக்கு அமுக்கினாலும் அது ஏன் இறங்கி வரப் போகிறது? வண்டி மலையில் ஏறி மூக்கைத் தூக்கின பிறகுதான் அது கிளம்பி வந்து என்ஜின் வாயை அடைத்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் புதுசு ஊற்றுகிறேன் பேர்வழி என்று இவர்தான் புதுக் காத்தையும் உள்ளே அனுப்பிவைத்திருக்கிறார்.

கவிழ்த்து வைத்த ஒரு டப்பா மேல் உட்கார்ந்தார். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ஆனால் மூளை நிற்கவில்லை, பழைய தகரக் கொட்டகைக்குப் போய்விட்டது. மழைத் தண்ணி உள்ளே தேங்காது, ரோட்டுக்கு ஓடிவிடும். வண்டிகள் ரோட்டிலிருந்து நேராக உள்ளே ஏறி நிற்கும். மூக்கு மேலே. இருபது வருஷமாக மூக்கு மேலே. அடைபட்ட காத்து தானாகவே ஏறி வந்து, வாயைத் திறந்து, போய்வருகிறேன் என்று போயிருக்கிறது. இவர் பாட்டுக்கு ஹோஸை அமுக்கிக்கொண்டு கைராசி, கைராசி என்று ஊர் பூராவும் தம்பட்டம் அடித்திருக்கிறார். வேலை செய்தது தரை.

அரைமணிக்கு அவமானமாக இருந்தது. தனியாக இருந்தும் முகம் சுட்டது. ரொட்டிக்கடைக்காரரை ஓட்டத் தெரியாதவர் என்றோமே என்று நினைத்தார். பிறகு சமையலறைப் பலகை மேல் நின்ற கத்தி ஞாபகம் வந்தது. டீயாவது மண்ணாவது என்று எழுந்தார்.

வண்டியை வெளியே எடுத்துத் திருப்பினார். ரிவர்ஸில் உள்ளே விட்டார், வால் சுவருக்கு, மூக்கு வாசலுக்கு. ரெண்டு தடவை சுவரில் இடிக்கப் பார்த்தது, சம்சாரம் அளவுக்கு அவருக்கு ரிவர்ஸ் வராது. முன்பக்க உயரம் போதாதென்று ஜாக்கியையும் கொடுத்துத் தூக்கி, பத்திரமாக முட்டுக் கொடுத்தார். ஹீட்டர் குமிழைக் கடைசிவரை சூட்டுப் பக்கம் திருப்பினார். இந்த வெயிலில் எந்த மடையனும் ஹீட்டர் போட மாட்டான், அதனால்தான் அந்தக் குழாய்ப் பக்கம் அவர் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. மூடி திறந்திருக்க, விளிம்புவரை ஊற்றி, என்ஜினை ஓடவிட்டார். அப்புறம் ஒரு காரியம் செய்தார். சும்மா நின்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எதையும் அமுக்காமல்.

நாலு மணிக்கு டாக்ஸிக்காரம்மா சாவி வாங்க வந்தபோது வண்டி வாசலைப் பார்த்துத் திரும்பி, மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. புருஷன் அதன் எதிரே மணி பார்க்காமல் நின்றுகொண்டிருந்தார்.

"முடிஞ்சுதா?"

"இல்ல."

"இன்னும் எவ்வளவு நேரம்?"

"தெரியாது" என்றார் அரைமணி.

டாக்ஸிக்காரம்மா கைப்பையைத் தோளிலிருந்து இறக்கினார். இருபத்தி நாலு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறார், இந்த வார்த்தையை இந்த வாயிலிருந்து கேட்டதில்லை. உடம்பு கிடம்பு சரியில்லையோ என்றுதான் முதலில் நினைத்தார்.

"தம்பி காத்துக்கிட்டிருக்கான்."

"தெரியும். நீ வண்டியை எடுத்துட்டுப் போறதா இருந்தா போ, நான் தடுக்கலை. அவன் சரியாவே செய்வான். ஆனா போறதுக்கு முன்னாடி உள்ள உக்காந்து ஹீட்டர் காத்து சூடா வருதா ஜில்லுன்னு வருதான்னு மட்டும் பார்த்துச் சொல்லு."

அந்தம்மா ஏறி உட்கார்ந்தார். கையை வைத்துப் பார்த்தார். என்ஜின் அடுப்பாகக் கொதிக்க வேண்டிய நேரம், ஹீட்டரிலிருந்து பச்சைத்தண்ணிக் காத்து வந்துகொண்டிருந்தது. "ஜில்லுன்னு இருக்கு."

"அப்ப சுடுதண்ணி அங்க போகலை, காத்து இன்னும் அதுக்குள்ளதான் இருக்கு" என்று சொல்லி அரைமணியும் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தார். கண்ணாடி வழியாக வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னார், நட்டு, தண்ணி, லாண்டரிக்காரன், தகரக் கொட்டகை எல்லாவற்றையும். இடையில் நிறுத்தவில்லை. நிறுத்தினால் திரும்ப ஆரம்பிக்கத் தைரியம் வராது என்று அவருக்குத் தெரியும்.

"அப்ப கியர்?" என்றார் டாக்ஸிக்காரம்மா.

"உன் கியர்ல ஒரு குத்தமும் இல்ல. உன் ஓட்டுல எந்தக் காலத்துலயும் குத்தம் இருந்ததில்ல. மேட்டுல நின்னு தண்ணி ஊத்தி நீதான் ஒழுங்கா ஏர் எடுத்திருக்கே. நான் அதைத் திரும்பத் திரும்பக் கெடுத்திருக்கேன். வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். தப்பு என்னோடது."

அந்தம்மா போனை எடுத்துத் தம்பியிடம், "இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்டா, காத்திரு" என்றார். வரவில்லை என்று சொல்லவில்லை, அதையும் கவனிக்க வேண்டும். போனை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

இருவரும் காத்திருந்தார்கள். அரைமணி அவ்வப்போது இறங்கிப் போய்த் தண்ணி மட்டத்தைப் பார்ப்பார். குமிழி ஒன்று வரும், பொக்கென்று உடையும், மட்டம் ஒரு விரல்கடை இறங்கும், அவர் அந்த ஒரு விரல்கடையை ஊற்றிவிட்டு வந்து உட்காருவார். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புருஷனும் பெண்டாட்டியும் ஷெட்டுக்குள்ளே காரில் உட்கார்ந்துகொண்டு எங்கேயும் போகாமல் இருந்தால் யார்தான் பார்க்க மாட்டார்கள். "வீட்டுல சண்டை போட இடமில்லையா?" என்று ஒருவர் கேட்டுவிட்டும் போனார்.

ஐந்தே முக்காலுக்கு ரேடியேட்டருக்குள் ஏதோ பெருமூச்சு விட்ட மாதிரி சத்தம் கேட்டது. பெரிய குமிழி ஒன்று ஏறி வந்து உடைந்து, தண்ணி அரைச் சொம்பு இறங்கியது. அவர் ஓடிப்போய் ஊற்றினார். உள்ளே டாக்ஸிக்காரம்மா, "ஐயோ, சுடுது" என்றார். ஹீட்டர் அனல் கக்கியது. முகத்தில் அடித்தது, கழுத்தில் வேர்வை ஓடியது, புடவை முதுகில் ஒட்டிக்கொண்டது. ஆனாலும் அவர் குமிழைத் திருப்பவில்லை. கையை அந்த அனலிலேயே நீட்டி வைத்திருந்தார்.

அதற்குப் பிறகும் அரைமணி மூடியை மூடவில்லை. ரேடியேட்டர் ஃபேன் தானாக ஓடி நிற்கும்வரை காத்திருந்தார். இன்னொரு தடவையும் ஓடி நிற்கட்டும் என்றார். ஆறு மணி தாண்டி நாற்பது நிமிஷம். அப்போதுதான் டாக்ஸிக்காரம்மா தம்பிக்கு மறுபடி போன் போட்டு, கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னார்.

திங்கட்கிழமை காலை அரைமணியும் வண்டியில் ஏறிக்கொண்டார். பின் சீட்டில் வாத்தியார், முன் சீட்டில் இவர், மடியில் ஸ்பேனர் பை. முதல் வளைவு, இரண்டாவது வளைவு. மூணாவது வளைவில் டாக்ஸிக்காரம்மா மூணாம் கியரிலேயே இழுத்தார், வேண்டுமென்றேதான். ஓரக்கண்ணால் புருஷனைப் பார்த்தார். அவர் கியரைப் பார்க்கவே இல்லை, கண்ணெல்லாம் முள்ளின் மேல். முள் நட்டநடுவில் நின்றது. ஆறாவது வளைவிலும் நடுவில் நின்றது. ஆஸ்பத்திரி வாசலில் எட்டுக்கு ஒன்பது நிமிஷம் இருந்தது. வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்தார், அரைமணியைப் பார்த்தார். "இவர் யாரு, புது கிளீனரா?" என்றார்.

"மெக்கானிக்" என்றார் டாக்ஸிக்காரம்மா. அரைமணி மடியில் இருந்த ஸ்பேனர் பையை நேராக்கி வைத்துக்கொண்டார்.

வாத்தியாரை உள்ளே விட்டுவிட்டு வந்து அந்தம்மா டிக்கியைத் திறந்தார். இத்தனை நாளாகத் தூக்கிக்கொண்டு திரிந்த தண்ணிக் கேனை எடுத்து, வாசலோரச் செடிகளுக்கு மொத்தத்தையும் ஊற்றினார்.

"தம்பிகிட்ட என்ன சொன்னே?" என்று கேட்டார் அரைமணி.

"வண்டி சரியாயிடுச்சுன்னு சொன்னேன். யாரு சரி பண்ணாங்கன்னு கேட்டான். மாமான்னு சொன்னேன்." காலிக் கேனை டிக்கியில் எறிந்தார். "கெடுத்தது யாருன்னு அவன் கேக்கலை. கேட்டிருந்தா அதையும் சொல்லியிருப்பேன்."

"சொல்லியிருக்கலாம்" என்றார் அவர். உண்மையாகவேதான் சொன்னார்.

பிறகு ஆஸ்பத்திரிச் சுவரோரம் நின்றுகொண்டே போனை எடுத்து ரொட்டிக்கடைக்காரரைக் கூப்பிட்டார். ஏழு பேரில் அவர்தான் முதல். எதிர்முனையில் இன்னும் கோபம் ஆறவில்லை, குரலிலேயே தெரிந்தது. அரைமணி குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார், "உங்க ஓட்டுல தப்பில்லைங்க. தப்பு என்னோடது. வண்டியை ஒரு தரம் கொண்டு வாங்க, சரி பண்ணித் தரேன்."

ரொட்டிக்கடைக்காரர், "எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார்.

"அரை..." என்று நாக்கு கிளம்பிவிட்டது. டிக்கியைச் சாத்தப் போன டாக்ஸிக்காரம்மா திரும்பிப் பார்த்தார்.

"அரைநாள் ஆகும்ங்க" என்றார் அரைமணி. "அதுக்கு மேலயும் ஆகலாம். உக்காந்து பாத்துத்தான் சொல்ல முடியும்."